பி.டி.ஓ. அம்மா பதில்கள்: ஊரும் சர்க்காரும்

கிராம சேவிகாவாக வேலைக்குச் சேர்ந்து, புதுக்கோட்டையிலும் தென் மாவட்டங்களிலும் பல ஒன்றியங்களைப் பார்த்து, வட்டார வளர்ச்சி அலுவலராக ஓய்வு பெற்றவர் இந்தப் பகுதியில் பதில் சொல்கிறார். அரசாங்கம் ஊரை எப்படி மாற்றுகிறது, எங்கே மாற்ற முடியாமல் நிற்கிறது என்பது பற்றி வந்த கேள்விகள் மட்டும் இந்த இதழில்.

*

"சர்க்கார் எத்தனை சட்டம் போட்டாலும் ஊர் ஊராகத்தான் இருக்கும்" என்பது என் மாமனாரின் வாதம். வீட்டில் தினமும் இதே சண்டை. உங்கள் அனுபவத்தில் அவர் சொல்வது சரியா?
- வாசகி, ஒட்டன்சத்திரம்

உங்கள் மாமனார் எழுபதைத் தாண்டியவர் என்றால் அவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். 1980-க்கு முன்னால், எந்த வயலில் என்ன பயிர் என்று எழுதும் அடங்கலின் நகல் வாங்க எங்கே போனார்?

ஊர்க் கணக்கு எழுதிய கர்ணம் வீட்டுக்குத்தான் போயிருப்பார். அவர் வீட்டுத் திண்ணைதான் அலுவலகம். ஊர்க் கணக்கு முழுக்க அவர் வீட்டு மரப்பெட்டிக்குள் இருக்கும். எங்கள் அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் புஞ்சை இருந்தது. கடலை போட்டதைக் கடலை என்றே அடங்கலில் எழுதவைக்க, வெள்ளாமை வீட்டுக்கு வரும் முன்பே ஒரு மரக்கால் கடலை அந்த வீட்டுக்குப் போய்விடும். அப்பா திண்ணை ஓரத்தில் ஒட்டி உட்காருவார். பட்டியல் சாதியினரின் காலனியிலிருந்து வந்தவர்கள் தெருவில் நின்றபடியே கேட்பார்கள். யாரும் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. அதட்டத் தேவையில்லாத அளவுக்கு அவரவர் நிற்க வேண்டிய இடம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சட்டப்படி பார்த்தால் அந்தப் பதவிகளின் பரம்பரை உரிமை 1960-களிலேயே போய்விட்டது. நடப்பில் அப்பாவுக்குப் பின் மகன், மகன் இல்லாவிட்டால் மருமகன் என்று அதே வீடுகளுக்குள்தான் சுற்றிக்கொண்டிருந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்து கர்ணம், கிராம முன்சீப் பதவிகளை ஒட்டுமொத்தமாக ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அரசு செய்தது செல்லும் என்று 1982-ல் தீர்ப்பு வந்தது. அதற்கப்புறம் வந்தவர்தான் கிராம நிர்வாக அலுவலர், அதாவது வி.ஏ.ஓ. தேர்வாணையப் பரீட்சை எழுதி வந்த வெளியூர்க்காரர். எந்தச் சாதிக்காரராகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். மரப்பெட்டியில் இருந்த கணக்கு, அவர் உட்காரும் வாடகைக் கட்டடத்துக்கு வந்தது. அங்கே ஏறிப் போக யாருக்கும் யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

வி.ஏ.ஓ.க்கள் எல்லோரும் கை சுத்தமானவர்கள் என்று நான் சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். லஞ்ச ஒழிப்புத் துறை பிடித்த செய்தி வாரம் தவறாமல் வருகிறது. ஆனால் அப்படிப் பிடித்துக் கொடுக்க முடிகிறதே! கர்ணத்தை யாரிடம் பிடித்துக் கொடுத்திருப்பார் உங்கள் மாமனார்? தாசில்தாரே முகாம் வந்தால் சாப்பிடுவது அவர் வீட்டில்தான்.

சத்துணவுத் திட்டம் பசிக்குச் சோறு போட்டது சரி. அதனால் சாதியும் குறைந்தது என்று மேடையில் பேசுகிறார்களே, நம்பலாமா?
- கல்லூரி மாணவர், ராஜபாளையம்

பாதி நம்பலாம், தம்பி.

1920-ல் நீதிக் கட்சியினர் சென்னை ஆயிரம் விளக்கில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கியது, 1956-ல் காமராஜர் எட்டயபுரத்தில் தொடங்கியது, 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். திருச்சிப் பக்கம் பாப்பாக்குறிச்சியில் தொடங்கியது என்று மேடையில் வரிசையாகச் சொல்வார்கள். தொடங்கிவைத்தவர்கள் காரில் ஏறிப் போன பிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்கு வேலை ஆரம்பித்தது. மையத்துக்கு மூன்று பேர்: அமைப்பாளர், சமையலர், ஆயா. கணவனை இழந்தவர்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை. இட ஒதுக்கீட்டில் காலனிப் பெண்களும் சமையலுக்கு வந்தார்கள். அங்கேதான் சிக்கல்.

நான் பார்த்த ஓர் ஊரில் சமையலர் காலனிப் பெண். மேலத்தெருப் பிள்ளைகள் தூக்குவாளியில் வீட்டுச் சோறு கொண்டுவந்து, மரத்தடியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். "போய்ப் பேசிவிட்டு வாம்மா" என்று என்னை அனுப்பினார்கள். பேசினேன். மோர் கொடுத்து மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். மறுநாளும் தூக்குவாளிதான் வந்தது. அப்புறம் களையெடுப்பு ஆரம்பித்தது. விடிவதற்குள் காட்டுக்குப் போகிற அம்மாவுக்குத் தூக்குவாளி கட்டிக் கொடுக்க நேரம் ஏது? முதலில் இரண்டு பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தன. அறுவடைக்குள் பந்தி நிறைந்துவிட்டது. வேலை ஓய்ந்ததும் தூக்குவாளி திரும்பி வரும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. "எங்க வீட்டுக் குழம்பை இப்ப தொட மாட்டேங்குது, அந்தச் சாம்பார்தான் வேணுமாம்" என்று ஒரு பாட்டி என்னிடமே குறைப்பட்டுக்கொண்டார்.

சுதந்திர தினத்தன்று கோயில்களில் சமபந்தி விருந்து நடக்கிறது. அமைச்சர் உட்கார்ந்து சாப்பிடுகிறார், பத்திரிகையில் படம் வருகிறது, அதோடு சரி. அடுத்த நாள் பந்தி கிடையாது. பள்ளிக்கூடத்தில் அடுத்த நாளும் அடுப்பு எரியும். என் அனுபவத்தில் வித்தியாசம் அவ்வளவுதான், அது சின்ன வித்தியாசமும் இல்லை.

நம்பக் கூடாத பாதி எது தெரியுமா? 2018-ல் அவிநாசிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பட்டியல் சாதிப் பெண் சமைக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் சமையலறைக்கே வந்து நின்றார்கள். 2023-ல் காலை உணவுத் திட்டம் விரிவானபோது எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் உசிலம்பட்டி என்ற சிற்றூரிலும் அதே பேச்சு வந்தது. அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. காமராஜர் அடுப்பு மூட்டிய அதே வட்டாரம்! இடையில் அறுபத்தேழு வருடம்.

உத்திரமேரூர் குடவோலை முறைதான் உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக்கொடுத்தது என்று எங்கள் தமிழாசிரியர் சொன்னார். உங்கள் கருத்து?
- பிளஸ் டூ மாணவி, செய்யாறு

பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு அது. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம். முப்பது குடும்பு (இன்றைய வார்டு மாதிரி), ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் தெரியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்வது எல்லாம் உண்மை. ஆனால் அது பிராமணர்களின் சபை. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, வயது 35-க்கு மேல் 70-க்குள் என்று தகுதி கேட்டார்கள். நீங்களும் நானும் அந்த மண்டப வாசலிலேயே நின்றிருப்போம்.

அதில் ஒரு விதியை மட்டும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வாரியம் என்ற குழுவில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவன் மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய உறவுக்காரர்களும் நிற்க முடியாது. இன்றைக்கு இதைக் கொண்டுவந்தால் சில ஒன்றியங்களில் வேட்புமனு வாங்குகிற அலுவலர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

எங்கள் ஊராட்சி தனி ஊராட்சி. தலைவர் இருந்தவரை பெயருக்குத்தான் தலைவர். எல்லாம் துணைத் தலைவர் வைத்ததுதான் சட்டமாக இருந்தது. இப்படி ஒரு பொம்மைப் பதவிக்கு எதற்கு இட ஒதுக்கீடு?
- பெயர் வேண்டாம், மதுரை மாவட்டம்

உங்கள் மாவட்டத்திலிருந்தே சொல்கிறேன். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் மூன்றும் மதுரை மாவட்டம், கொட்டகச்சியேந்தல் விருதுநகர் மாவட்டம். 1996-ல் இந்த நான்கும் பட்டியல் சாதியினருக்கான தனி ஊராட்சிகளாயின. அதற்கடுத்த பத்து வருடம் அங்கே ஒரு தலைவர் உட்கார முடியவில்லை. தேர்தல் அறிவிப்பார்கள், யாரும் மனுப் போட மாட்டார்கள். போட்டாலும் ஊரே நிறுத்திய ஒருவர் ஜெயித்து, பதவி ஏற்ற உடனேயே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுவார். மேலூர் பக்கம் மேலவளவில் ஜெயித்துப் பதவியில் நின்ற தலைவர் முருகேசனை 1997 ஜூன் 30 அன்று, உடன் வந்தவர்களோடு சேர்த்து, பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். பொம்மைப் பதவிக்காக யாரும் ஆறு பேரைக் கொல்ல மாட்டார்கள்.

அந்த நான்கு ஊர்களிலும் 2006 அக்டோபரில்தான் ஒழுங்காகத் தேர்தல் நடந்து, ஜெயித்தவர்கள் பதவியில் நீடித்தார்கள். மதுரை கலெக்டராக இருந்த உதயச்சந்திரன் ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டே இருந்தார் என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இடையில் அரசு நினைத்திருந்தால் "மக்கள் விரும்பவில்லை" என்று ஒதுக்கீட்டை வேறு ஊருக்கு மாற்றிவிட்டுக் கையைக் கழுவியிருக்கலாம். அப்படிக் கேட்டு மனுக்களும் வந்தன. மாற்றவில்லை. பிடிவாதமாக அதே ஊருக்கு அதே தேர்தலைத் திரும்பத் திரும்ப அறிவித்தார்கள். கேலி செய்தவர்கள் நிறைய. எனக்கு அந்தப் பிடிவாதம்தான் இந்தக் கதையிலேயே முக்கியமாகப் படுகிறது.

இனி உங்கள் துணைத் தலைவருக்கு வருவோம். அவருக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்தது? ஊராட்சிக் கணக்கில் காசோலை என்றால் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி. தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு, துணைத் தலைவர் பதவிக்குக் கிடையாது. வார்டு உறுப்பினர்கள் கூடி அவரைத் தேர்ந்தெடுப்பார்கள். வார்டுகளில் பெரும்பான்மை யார் கையிலோ, துணைத் தலைவரும் அவர்கள் ஆள்தான். தலைவர் குடிநீர் மோட்டார் ரிப்பேருக்கு பில் வைப்பார். துணைத் தலைவர் ஊரில் இருக்க மாட்டார், இருந்தாலும் கண்ணாடி இருக்காது. குழாயில் தண்ணீர் வராமல் குடத்தோடு நிற்கிற பெண்கள் யாரைத் திட்டுவார்கள்? தலைவரைத்தான். கலெக்டர் தலையிட்டு மாற்று ஏற்பாடு செய்ய முடியும். அதற்கு முதலில் தலைவர் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். வாய்ப் புகாரை வைத்துக்கொண்டு எந்த அலுவலரும் ஒன்றும் செய்ய முடியாது.

2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவராக இருந்த பெண்ணைக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்த படம் வெளியானது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் படம் வந்த பிறகு வழக்கு, செயலர் பணியிடை நீக்கம் என்று எல்லாம் மளமளவென்று நடந்தன. நாற்காலி அதற்கு முன்பும் அந்த அறையில்தான் இருந்தது.

தமிழ்நாட்டில் ஓர் ஊராட்சிக்கு வந்த ஒதுக்கீடு இரண்டு தேர்தல்களுக்கு, அதாவது பத்து வருடத்துக்கு நிற்கும் என்ற வழக்கம் நல்லது. முதல் ஐந்து வருடம் பயந்து பயந்து போகும். இரண்டாவது ஐந்தில் பல பெண்களும் பட்டியல் சாதித் தலைவர்களும் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "போன வருஷ நிதி எவ்வளவு வந்துச்சு, காட்டுங்க" என்று கேட்டிருக்கிறார்கள். எனக்கே சில நேரம் எரிச்சலாக இருக்கும். கணக்கைக் காட்டாமல் இருக்க முடியாது.

எங்கள் ஊர்க் கண்மாய் மேடாகிக் கிடக்கிறது. இளைஞர்கள் சேர்ந்து தூர்வாரப் போனால் "அனுமதி இருக்கா?" என்று நிறுத்துகிறார்கள். எங்கள் தாத்தன் பூட்டன் வெட்டிய கண்மாய்க்கு நாங்கள் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?
- இளைஞர் மன்றம், சிவகங்கை மாவட்டம்

முதலில் உங்கள் கண்மாயின் ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம், எத்தனை ஏக்கர் என்று பாருங்கள். 100 ஏக்கருக்கு மேல் என்றால் பொதுப்பணித் துறை, இப்போது நீர்வளத் துறை. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரி கண்மாய்கள் இந்த ஒரு கோட்டால் இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றன. வரத்துக்கால் இன்னொரு துறை, கரையில் நிற்கிற மரம் வேறொரு துறை.

வண்டல் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் வண்டல் மண்ணைக் கட்டணமில்லாமல் எடுக்க 2017-ல் அரசாணை வந்தது. முன்பு கலெக்டர் ஆபீஸ் வரை அலைய வேண்டும். 2024-லிருந்து தாசில்தார் மட்டத்திலேயே அனுமதி கிடைக்கிறது. சிட்டா, அடங்கல் நகலோடு விண்ணப்பியுங்கள். அனுமதி கேட்கச் சொல்வதற்குக் காரணமும் இருக்கிறது. "தூர்வாருகிறோம்" என்று சொல்லி ராத்திரியில் டிப்பர் டிப்பராகச் செங்கல் சூளைக்கு அடித்த கதை உங்கள் மாவட்டத்திலும் உண்டு.

ஆனால் உங்கள் கோபம் நியாயமானது. உங்கள் தாத்தன் காலத்தில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்திருப்பார். எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு என்பதெல்லாம் அவர் பொறுப்பு. அறுவடைக் களத்தில் அவருக்கு நெல் அளந்துவிடுவார்கள். கண்மாய் மீன்பாசிக் குத்தகைப் பணம் ஊர்ப் பொதுவில் சேரும். கரை உடைந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும். அதுதான் குடிமராமத்து. இதையெல்லாம் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். நீர்க்கட்டி வேலையும் மண் சுமக்கிற வேலையும் யார் தலையில் விழுந்தன, தண்ணீர் முதலில் யார் வயலுக்குப் போயிற்று என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் மழை வருவதற்கு முன், உபரித் தண்ணீர் வெளியேறும் கலிங்கைப் போய்ப் பார்க்க ஓர் ஆள் இருந்தார்.

வெள்ளைக்காரன் இதற்கு 1858-ல் ஒரு சட்டமே போட்டான், கட்டாய உழைப்புச் சட்டம் என்று. உழைப்பு குடியானவனுடையது, வரி மட்டும் சர்க்காருக்கு என்றால் யார் மண்வெட்டி எடுப்பார்கள்? ஜமீன்கள் ஒழிந்த பிறகு ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைக் கண்மாய்கள் எல்லாம் அரசுக்கு வந்தன. மீன்பாசி ஏலமும் சர்க்கார் கணக்குக்குப் போயிற்று. சமூகக் காடு என்று உள்வாயில் கருவேலம் நட்டார்கள், அதுவும் ஏலம். வருமானம் போனதும் ஊர் கையை எடுத்துக்கொண்டது. இன்ஜினியருக்குப் பத்து இருபது கண்மாய். எந்த மடையில் ஓட்டை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

2017-ல் குடிமராமத்து என்ற பெயரை அரசு மறுபடி எடுத்தது. ஆயக்கட்டுக்காரர்கள் 10 சதவீதம் போட வேண்டும், பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ. நல்ல யோசனை. எங்கள் பக்கம் பல இடங்களில் அந்தப் பத்தையும் வேலை எடுத்தவரே கட்டிவிட்டு, விவசாயிகள் சங்கத்தின் பெயரில் பில் வாங்கிக்கொண்டார். போர்டில் மட்டும் குடிமராமத்து.

நீங்கள் இளைஞர் மன்றமாகப் போகாதீர்கள். பாசனதாரர் சங்கம் இருக்கிறதா, செத்துக் கிடக்கிறதா என்று விசாரியுங்கள். நிலம் உள்ளவர்களை முன்னால் நிறுத்தி மனுக் கொடுங்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டு அதன் நகலையும் இணையுங்கள். தாசில்தார் மேசையில் அதற்குத் தனி எடை உண்டு.

சமத்துவபுரத்தில் எல்லாச் சாதிக்கும் அடுத்தடுத்து வீடு கொடுத்தார்களே, என்ன ஆயிற்று?
- வாசகர், திருமங்கலம்

உங்களுக்குப் பக்கத்தில் மேலக்கோட்டையில்தான் முதல் சமத்துவபுரம், 1998-ல். நூறு வீட்டில் 40 பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. ஒரே சுடுகாடு. நான் பார்த்தவற்றில் பால் ஊற்றுவது, கைமாற்று, பிள்ளைகள் விளையாட்டு எல்லாம் சுவர் தாண்டிவிட்டன. கல்யாணம் தாண்டவில்லை. பெரும்பாலானவை ஊரை விட்டுத் தள்ளி ரோட்டோரப் புறம்போக்கில் அமைந்தன. ஊருக்குள்ளே பழைய தெருக்கள் பழையபடியே இருந்தன. வீட்டைக் கொடுத்த வேகத்தில் அந்தத் தெருக்களிலும் கைவைத்திருக்க வேண்டும். அதற்கு யாருக்கும் தைரியம் வரவில்லை.

நூறு நாள் வேலை வந்த பிறகு நடவுக்கு ஆள் கிடைப்பதே இல்லை. மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசிவிட்டுக் கூலி வாங்கிப் போகிறார்கள். அரசே மக்களைச் சோம்பேறி ஆக்கலாமா?
- விவசாயி, திருவாரூர் மாவட்டம்

மரத்தடியில் கதை பேசுவதை நானும் பார்த்திருக்கிறேன் ஐயா, மறுக்கவில்லை. அளவு எடுத்துக் கொடுக்க ஆள் வராமல் பதினொரு மணி வரை உட்கார்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

2006-ல் இந்த வேலை தொடங்கியபோது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, 80 ரூபாய் என்றார்கள். நான் இருந்த ஒன்றியத்தில் அப்போது களையெடுக்கிற பெண்ணுக்கு 40 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சம்சாரிகள் கூட்டமாக ஆபீசுக்கு வந்தார்கள். "நடவு சமயத்தில் வேலையை நிறுத்துங்கள்" என்றார்கள். நான், "நீங்களும் எண்பது கொடுங்கள், வருகிறார்களா பார்ப்போம்" என்றேன். ரொம்பக் கோபப்பட்டார்கள். அடுத்த வருடம் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். பின்னால் கூலி அவர்கள் பெயரில் உள்ள கணக்கில் ஏறியது. கணவர்களுக்கு இருந்த வருத்தம் உங்களுக்கு இருக்கும் வருத்தத்தைவிடப் பெரியது.

நெல்லுக்குக் கட்டுப்படியான விலை இல்லாமல் நீங்கள் எப்படிக் கூலியை ஏற்றுவீர்கள் என்பது நியாயமான கேள்வி. அதை நெல் விலை நிர்ணயிப்பவர்களிடம் கேளுங்கள், நானும் கூட வருகிறேன். நடவுப் பெண்ணிடம் கேட்காதீர்கள்.

நீங்கள் வேலை பார்த்த காலத்தில் உங்களுக்கு ரொம்பப் பிடித்த திட்டம் எது?
- வாசகி, கறம்பக்குடி

உங்கள் மாவட்டத்துத் திட்டம்தான். சந்தேகமே வேண்டாம், அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம். 1991-ல் ஷீலாராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது எழுத்தறிவோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ராத்திரி ஏழு மணிக்கு மேல் பள்ளிக்கூட மைதானத்தில் பெண்கள் விழுந்து எழுந்து ஓட்டிப் பழகிய சத்தம் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. லேடீஸ் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோனது. கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள், பிள்ளையைக் கம்பியில் உட்காரவைத்தார்கள். கல்குவாரியில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியையே குத்தகைக்கு எடுத்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல், வீட்டு ஆணின் தயவு இல்லாமல், ஒரு பெண் சந்தைக்குப் போய்விட்டு மதியமே திரும்பினாள். டீக்கடை பெஞ்சில் இருந்த ஆண்கள் கேலியாக என்னென்னவோ பாட்டெல்லாம் பாடினார்கள். அந்தப் பாட்டைப் பாடியவர்களின் பேத்திகள்தான் பின்னால் அரசு கொடுத்த சைக்கிளில் பிளஸ் ஒன் போனார்கள்.

இதற்கு அரசு செலவழித்த பணம் ரொம்பக் குறைவு. தொண்டர்கள் சம்பளமில்லாமல் வந்தார்கள். ஆனால் கலெக்டர் கூட நிற்கிறார் என்று தெரிந்ததால் பெண்ணை வெளியே விட வீட்டில் பயப்படவில்லை.

எங்கள் ஊராட்சியில் இப்போது தலைவர் இல்லை, தனி அலுவலர்தான். வேலை ஒழுங்காகத்தானே நடக்கிறது? தேர்தல் எதற்கு?
- வாசகர், விளாத்திகுளம்

தனி அலுவலர் என்றால் பி.டி.ஓ. தானே! என் இனத்தைப் பாராட்டியதற்கு நன்றி. இருந்தாலும் சொல்கிறேன், எங்களை நம்பாதீர்கள். ஒரு பி.டி.ஓ.வுக்கு முப்பது நாற்பது ஊராட்சி. உங்கள் தெருவிளக்கு எரிகிறதா என்று அவருக்கு எந்த ராத்திரியில் தெரியும்?

தமிழ்நாட்டுக்கு இது பழைய வியாதி. 1970-க்கு அப்புறம் ஊராட்சித் தேர்தல் 1986-ல்தான். 1991-ல் அந்தப் பதவிக்காலம் முடிந்ததும் மறுபடி 1996 வரை இல்லை. சென்னை மாநகராட்சி 1973-லிருந்து 1996 வரை மேயர் இல்லாமலே ஓடியது. 73-வது திருத்தம் வந்து, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிய பிறகும் 2016 முதல் 2019 வரை தனி அலுவலர். 2019-ல் ஜெயித்தவர்கள் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர். எந்தக் கட்சி ஆண்டாலும் ஏதோ ஒரு காரணம் கிடைக்கும்: வழக்கு, வார்டு மறுவரையறை, நகரத்தோடு இணைப்பு. தேர்ந்தெடுத்த ஆள் இல்லாவிட்டால் மத்திய நிதிக் குழுப் பணமும் நிற்கும்.

தலைவர் தப்புச் செய்தால் அவர் வீட்டு வாசலில் போய்க் கத்தலாம். பி.டி.ஓ. வீடு வேறு ஊரில் இருக்கிறது.

மகளிர் குழுவில் பத்து வருடமாக இருக்கிறேன். அடுத்த தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு நிற்க ஆசை. ஊர்க்கூட்டத்தில், "போட்டி வேண்டாம், கோயிலுக்குப் பணம் தருகிறவரைப் போட்டியின்றி விட்டுவிடலாம்" என்கிறார்கள். என் கணவரோ, "நீ நில், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். என்ன செய்ய?
- வாசகி, முதுகுளத்தூர்

நில்லுங்கள். 21 வயது முடிந்திருந்து, அதே ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். 2019-ல் வார்டு உறுப்பினருக்கு டெபாசிட் 200 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 100. வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர் இரண்டு பதவிக்கும் கட்சிச் சின்னம் கிடையாது, அதனால் யாரிடமும் சீட்டுக் கேட்டு நிற்க வேண்டாம். பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-லேயே சட்டம் ஆகிவிட்டது. பொது வார்டிலும் நீங்கள் நிற்கலாம்.

பதவியை ஏலம் விடுவது குற்றம். மாநிலத் தேர்தல் ஆணையம் ஒவ்வொரு முறையும் எச்சரிக்கிறது, வழக்கும் போடுகிறார்கள். கோயிலுக்குக் கொடுத்த பணத்தை அவர் எங்கிருந்து திரும்ப எடுப்பார்? உங்கள் தெருக் குழாயிலிருந்துதான். ஊர்க்கூட்டத்தில் சண்டை போட வேண்டாம். மனுத் தாக்கல் கடைசி நாள் வரை வாயைத் திறக்காமல் இருந்து, குழுப் பெண்களில் ஒருவரை முன்மொழியச் சொல்லி, நேரே போய் மனுவைக் கொடுத்துவிடுங்கள். ரசீது வாங்க மறக்காதீர்கள்.

உங்கள் கணவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். போஸ்டர் ஒட்டுவது, மைக் செட், சாப்பாடு எல்லாம் அவர் பார்த்துக்கொள்ளட்டும். ஜெயித்த பிறகு தீர்மானப் புத்தகத்தை மட்டும் நீங்களே படித்துவிட்டு, நீங்களே கையெழுத்துப் போடுங்கள். செயலர், "சார்கிட்ட காட்டிட்டேன்ம்மா" என்றால், "சார் எந்த வார்டு?" என்று கேளுங்கள். கூட்டத்துக்குத் துணையாக வருகிறேன் என்று அவர் சொன்னால் தாராளமாக வரட்டும். டீ வாங்கி வர ஓர் ஆள் எப்போதும் தேவைப்படும்.